உரிமம் யார் கையில்? - லோரி ஓட்டுநரும் மின்னணுப் பொறியும்

'உரிமம்' என்னும் சொல்லைப் பழந்தமிழ் நூல்களில், இன்று நாம் வழங்கும் பொருளில் காண்பதற்கில்லை. 'உரிமை' என்பதினின்றும் பிற்காலத்தார் ஆக்கிக்கொண்ட சொல் அது. ஆங்கிலத்தில் வழங்கும் லைசென்ஸ் என்பதோ 'இசைவு' எனப் பொருள்படும் இலத்தீன் வேரினின்றும் பிறந்தது. இரண்டும் ஒரே தாளைத்தான் குறிக்கின்றன. ஆயினும் ஒன்று அதனை உடையவனுக்கு உரிய பொருளாகக் காட்டுகின்றது. மற்றொன்று மேலிடத்தார் கொடுக்கவும் மீட்கவும் கூடிய பொருளாகக் காட்டுகின்றது. பண்டமாரானில் லோரி ஓட்டுநர்கள் உரிமத்தைப் பற்றியும், அதனைச் சூழ வந்துள்ள மின்னணுப் பொறிகளைப் பற்றியும் பேசுகையில், இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று மோதுவதை யான் பலமுறை கேட்டிருக்கின்றேன்.

பண்டமாரான் கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட ஊர். 1901ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறை என்னும் பெயரோடு திறக்கப்பட்ட அத்துறைமுகம் 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிற்று. அடுத்த ஆண்டே அங்குக் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. அன்றுமுதல் இவ்வூரின் காலைப்பொழுது கொள்கலன் லோரிகளின் ஓசையோடுதான் விடிகின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டுமனைகளாக மாறியும் போன காலத்தில் வெளியேறிய நம்மவருள் பலர் ஏறி அமர்ந்த இருக்கை லோரியின் ஓட்டுநர் இருக்கையே. என் பள்ளி மாணவரின் தந்தையர் தொழில் எழுதும் கட்டத்தில் 'லோரி ஓட்டுநர்' என்று எழுதி எழுதி என் கை பழகிவிட்டது.

பண்டம் ஏற்றிச் செல்வானைத் தடுத்து நிறுத்திச் சான்று கேட்பது புதிய வழக்கமன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கும் பண்டத்துக்கும், ஏறிச் செல்லும் பண்டத்துக்கும் புலிமுத்திரை பொறித்து விடுத்ததைப் பட்டினப்பாலை கூறுகின்றது. சுங்கத்தை நீக்கியமைக்காகவே ஒரு சோழமன்னன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர்பெற்றான் எனின், வழிநடைச் சுங்கம் எத்துணைச் சுமையாக இருந்திருத்தல் வேண்டும் என்பதை ஆசிரிய நண்பர்கள் எண்ணிப் பார்க்கலாம். உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பது புறநானூற்றுச் செய்தி. ஆனால் அக்காலத்தில் முத்திரை பெற்றது பண்டம். வண்டி ஓட்டினவன் அல்லன். ஓட்டுவானையே பதிந்து, அவனுக்கு ஒரு தாளைக் கொடுத்து, அத்தாள் இன்றேல் அவன் கைத்தொழிலே இல்லை என்னும் நிலை உந்து வண்டியோடு வந்தது.

பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கிற்று. கட்டணம் செலுத்தினாற் போதும், தேர்வு இல்லை. தேர்வு 1935இல்தான் கட்டாயமாயிற்று. இந்திய நாடு முழுமைக்குமான மோட்டார் வண்டிச் சட்டம் 1914இல் பிறந்தது. மலாயாவில் போருக்குப் பின், 1946 ஏப்ரலில், மோட்டார் வண்டிகளைப் பதியவும் சோதிக்கவும் ஓர் அலுவலகம் அமைந்தது. 1958இல் சாலைப் போக்குவரத்துக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இன்றைய சாலைப் போக்குவரத்துத் துறை உருப்பெற்றது. மக்கள் வாயில் அஃது என்றும் 'ஜேபிஜே'தான்.

கிள்ளான் வட்டாரத் தமிழனுக்குச் சாலையும் இசைவும் வெறும் சட்டச் சொற்களாக இருந்ததில்லை. 1941ஆம் ஆண்டில் இவ்வட்டாரத் தோட்டங்களில் எழுந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் என்பவற்றோடு, துரைமாரும் தோட்ட அதிகாரிகளும் எதிர்வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமலே செல்லும் உரிமையும் ஒரு கோரிக்கையாக இருந்தது. வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். இரண்டு சக்கரத்தில் ஏறிச் செல்வதற்கே உயிர்விலை கொடுத்த ஊர் இது. 1948இல் அவசரகாலம் வந்தபோது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாவரும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருத்தல் வேண்டும் என்றாயிற்று. காட்டிலிருந்து வந்தவர்கள் அவ்வட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தனர். அட்டை இல்லாதவனை அரசு ஐயுற்றது. ஒரு துண்டு அட்டை இருபுறமும் ஆபத்தாக முடியும் என்பதை நம் பாட்டன்மார் அன்றே கற்றனர்.

இப்பின்னணியில் தோட்டத்து லோரி டிரைவரின் நிலையை நோக்குதல் வேண்டும். நான் சிறுவனாயிருந்த காலத்தில் தோட்டத்தில் எழுத்துச் சான்று வைத்திருந்த தொழிலாளர் மிகச் சிலர். வெட்டுமரக்காரனுக்குச் சான்று இல்லை. கங்காணியின் சொல்லே அவனுக்குச் சான்று. டிரைவரோ அரசாங்கமே கையொப்பமிட்ட தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இத்தோட்டத்து வேலை போனாலும் அத்தாள் இன்னொரு தோட்டத்தில் அவருக்குச் சோறு போடும். எங்கள் லயத்தில் ஒருவர் அதனை முருகன் படம் ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் வைத்து, ஆயுத பூசையன்று வண்டிச் சாவியோடு சேர்த்துப் படைப்பார். அதைத் தாள் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

பொறி ஒன்று ஓட்டுநரின் இருக்கைக்குள் நுழைந்த வரலாறு ஐரோப்பாவில் விரிவாகக் காணக்கிடைக்கின்றது. பிரித்தானியாவில் 1965 முதல் 1968 வரை போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் பார்பரா காசில் அம்மையார். மது அருந்தி ஓட்டுவாரைக் கண்டறியும் மூச்சுக் கருவியை 1967இல் கொணர்ந்தவர் அவரே. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதை ஓட்டுநர்கள் சொல்லிச் சொல்லி நகைத்தனர். 1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தில், சரக்குந்தின் வேகத்தையும் ஓடிய நேரத்தையும் வட்டத்தாள் ஒன்றில் தானே கீறிக்கொண்டே செல்லும் 'டாக்கோகிராப்' என்னும் கருவியைப் பொருத்துவதற்கு அவர் வழிவகுத்தார். போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கம் அதனை வன்மையாக எதிர்த்தது. 'வண்டிக்குள் ஓர் ஒற்றன்' என்று ஓட்டுநர்கள் அதற்குப் பெயர் சூட்டினர். அவ்விதி நடைமுறைக்கு வரவில்லை.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970இல் அக்கருவியைத் தன் உறுப்பு நாடுகளுக்கெல்லாம் கட்டாயமாக்கியது. பிரித்தானியா 1973இல் அச்சமூகத்தில் சேர்ந்தபின்னும், விரும்புவோர் பொருத்திக்கொள்ளலாம் என்று சொல்லிக் காலம் கடத்தியது. தொழிற்சங்கத்தின் சினத்துக்கு அரசு அத்துணை அஞ்சிற்று. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் சென்று, 1979 பிப்ரவரியில் பிரித்தானியாவுக்கு எதிராகத் தீர்ந்தது. 1981ஆம் ஆண்டின் முடிவில்தான் கருவி அங்குக் கட்டாயமாயிற்று. ஒரு சிறு வட்டத்தாளை வண்டிக்குள் நுழைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின!

இனிச் சுவையான பகுதி. அந்த ஒற்றன் வண்டிக்குள் குடிபுகுந்து சில காலம் ஆனபின், ஓட்டுநர் அவனிடம் வேறொரு பயனும் இருக்கக் கண்டனர். முதலாளி 'இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டு' என்று நெருக்கும்போது, 'தாள் காட்டிக்கொடுத்துவிடும்' என்று சொல்லி மறுக்க முடிந்தது. உழைத்த நேரத்துக்கு மறுக்கமுடியாத சான்றும் கிடைத்தது. 2006 மே மாதம் முதல் புதிய வண்டிகளில் வட்டத்தாளுக்கு மாற்றாக மின்னணுக் கருவியும், ஒவ்வோர் ஓட்டுநருக்கும் சில்லு பதித்த தனி அட்டையும் வந்தன. அட்டை ஓட்டுநரின் பெயரில் உள்ளது. வண்டியை விட்டு இறங்கும்போது அவரோடு இறங்குகின்றது. இவ்வொரு சிறு ஏற்பாடு எதிர்ப்பைத் தணித்ததில் பங்கு உடையது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் கதை வேறு விதமாக நடந்தது. ஓட்டுநர் தம் வேலை நேரத்தைக் கையால் எழுதும் குறிப்பேட்டு முறை அங்கு 1930களின் இறுதியில் வந்தது. அதில் பொய் எழுதுவது எத்துணை எளிது என்பதை எல்லாரும் அறிந்திருந்தமையால் ஓட்டுநரே அதனைப் 'படக்கதைப் புத்தகம்' என்று அழைத்தனர். அதற்கு மாற்றாக மின்னணுக் கருவியைக் கட்டாயமாக்கும் முயற்சி பலமுறை தோன்றி மறைந்தது. 2010இல் வந்த விதி ஒன்றை, தாமே வண்டி வைத்து ஓட்டும் ஓட்டுநர்களின் சங்கம் எதிர்த்து வழக்காடியது. அக்கருவியைக் கொண்டு நிறுவனங்கள் ஓட்டுநரைத் துன்புறுத்தக் கூடும் என்பதை அரசுத் துறை ஆராயவில்லை என்று கூறி, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் புதுச்சட்டம் இயற்றியது. 2017 டிசம்பர் 18ஆம் நாள் கருவி கட்டாயமாயிற்று.

அதனால் விளைந்தது யாது? ஸ்காட், பால்த்ராப், மில்லர் என்னும் ஆய்வாளர் மூவர் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நேரவிதியை மீறுவது குறைந்தது. ஆயினும் விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. சிறு நிறுவனங்களின் ஓட்டுநரிடையே வேக மீறல் போன்ற குற்றங்கள் கூடின என்று அவர்கள் கண்டனர். காரணம் ஊகிக்கத்தக்கதே. அங்குப் பெரும்பாலோர்க்கு ஊதியம் ஓடிய மைலுக்கு. நேரத்தைப் பொறி பூட்டிவிட்டது. கூலியோ தூரத்தில் தொங்குகின்றது. எஞ்சியிருப்பது காலடியில் உள்ள விசை ஒன்றே. நம் கிள்ளானிலும் பலர்க்குக் கூலி 'டிரிப்' கணக்கில்தான் என்பதை இங்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். அங்கு 2017 செப்டம்பரில், வண்டி ஓட்டுவோர் யாவரும் உரிமத்தின் படியை அன்று, மூலத்தையே கையில் வைத்திருத்தல் வேண்டும் என்று அரசு வற்புறுத்திற்று. லோரி உரிமையாளர் சங்கத்தார் உயர்நீதிமன்றம் வரை சென்றனர். வடநாட்டு நெடுஞ்சாலைகளில் வாரக்கணக்கில் ஓடும் நாமக்கல் வண்டி ஓட்டுநருக்கு மூலம் தொலைந்தாலும் பறிபோனாலும் பிழைப்பே போயிற்று என்பது அவர்கள் கவலை. இதனைப் படித்தபோது எனக்குப் பெரிய புராணம் நினைவுக்கு வந்தது. சுந்தரர் கிழவனார் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழித்தது படியோலை, மூலவோலை வேறு உண்டு என்று கிழவனார் திருவெண்ணெய்நல்லூர் அவையில் சொன்னார். மூலத்தை மறைவாக வைத்துப் படியைக் கையில் கொண்டு வழிச் செல்லுதல் நல்லறிவு என்பது இறைவன் காட்டிய வழியாயிற்றே! அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், நடுவண் அரசின் போக்குவரத்து அமைச்சகம், 'டிஜிலாக்கர்' முதலிய செயலிகளில் காட்டப்படும் உரிமத்தை மூலத்துக்கு நிகராக ஏற்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. இங்கு ஓட்டுநர் பக்கம் பொறியின் மீது சினம் குறைவு; காவலர் பிடுங்கிக்கொள்ள முடியாத உரிமம் என்பதே அதன் பெருமையாகத் தோன்றிற்று.

நம் நாட்டில் மின்னணு உரிமத்தின் முதற்படி 2001 செப்டம்பரில் வந்த மைகார்டு. சில்லு பதித்த அவ்வடையாள அட்டைக்குள் ஓட்டுநர் உரிமச் செய்தியும் அடங்கும் என்று அறிவித்தனர். உலகில் இத்தகைய பல்பயன் அட்டையைக் கொணர்ந்த முதல் நாடுகளுள் நம்முடையது ஒன்று. ஆயினும் ஓட்டுநர் தம் பழைய உரிமத் தாளைக் கைவிட்டாரல்லர். சில்லுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனைப் படிக்கும் கருவி எதிரே நிற்கும் அதிகாரியிடம் இருந்தால்தானே? 2012இல் வேகத்தையும் சிவப்பு விளக்கு மீறலையும் படம்பிடிக்கும் தானியங்கிக் கேமராக்கள் சாலையோரம் நடப்பட்டபோது நாடெங்கும் முணுமுணுப்பு எழுந்தது. பின்னர் 2017இல் குற்றப்புள்ளி முறை அக்கேமராவோடு இணைக்கப்பட்டது. புள்ளி சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படும். முன்னர்ச் சம்மன் என்பது பணச் செலவு. இப்பொழுது அது தொழிலைத் தொடும் காரியமாயிற்று. சொந்தக் கார் வைத்திருப்பவன் ஆறு மாதம் பேருந்தில் போய்விடுவான். லோரி ஓட்டுநன் ஆறு மாதம் எங்கே போவான்?

2023 பிப்ரவரியில் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக், தனியார் வண்டிகளில் சாலைவரி வில்லையை ஒட்டி வைக்க வேண்டா என்றும், உரிமத்தை 'மைஜேபிஜே' செயலி வழியே கைத்தொலைபேசியிற் காட்டலாம் என்றும் அறிவித்தார். அதற்குப்பின் பண்டமாரான் சாப்பாட்டுக் கடைகளில் யான் கேட்ட பேச்சு பல வகை. பாட்டரி செத்துப்போனால் உரிமமும் செத்துவிடுமோ என்றார் ஒருவர். சோதனைச் சாவடியில் கைத்தொலைபேசியை அதிகாரியின் கையில் ஒப்படைப்பதா, அதில் என் குடும்பப் படங்களும் செய்திகளும் இருக்கின்றனவே என்றார் மற்றொருவர். இளைஞர் ஒருவர் சிரித்துக்கொண்டே, 'அண்ணே, இனிமேல் லெசன் தெர்பாங் எடுத்தவன் எல்லாம் மாட்டுவான்' என்றார். தேர்வு எழுதாமலே பணம் கொடுத்துப் பெறும் உரிமத்துக்கு 'பறக்கும் உரிமம்' எனப் பொருள்படும் மலாய் வழக்கு அது. நேர்மையாகத் தேறி, பாரவண்டிக்குரிய 'இ' வகுப்பும், அதன்மேல் சரக்குந்து ஓட்டும் தனி உரிமமும் பெற்றவர்க்குப் போலியை வெளிப்படுத்தும் பொறி நண்பனே. எதிர்ப்பவர் எல்லாம் குற்றம் உடையவர் என்பாரும், ஓட்டுநர் எல்லாம் பொறிக்குப் பகைவர் என்பாரும் இக்கடைகளில் அரைமணி நேரம் உட்கார்ந்ததில்லை போலும்.

என் அனுபவம் ஒன்றையும் ஈண்டு எழுதுகின்றேன். முப்பதாண்டுகளுக்கு அணித்தாக இவ்வட்டார ஓட்டுநர் பலருக்கு உரிமப் புதுப்பிப்புத் தாள்களை நிரப்பிக் கொடுத்திருக்கின்றேன். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனுக்கு எழுதப்படாத கடமைகளுள் அதுவும் ஒன்று. செயலி வந்தபின் அவர்கள் என்னிடம் வருவது குறைந்தது. நானும் நல்லதென்றே எண்ணியிருந்தேன். ஒருநாள் என் பழைய மாணவர் ஒருவரின் தந்தை வந்தார், அறுபதை நெருங்குபவர். 'சார், என் லைசென்ஸ் எனக்குத் தெரியமாட்டேங்குது' என்றார். அவர் வேலை செய்த போக்குவரத்து நிறுவனத்தில் குமாஸ்தா ஒருவர், வேலை எளிதாகட்டும் என்று, ஓட்டுநர் பலருக்கும் கணக்குத் திறந்து மறைச்சொல்லையும் தாமே வைத்துக்கொண்டிருந்தார். இவர் அந்நிறுவனத்தை விட்டு விலகினார். குமாஸ்தாவும் விலகிவிட்டார். புதுப்பிக்கும் நாள் எது என்பதுகூட இவருக்குத் தெரியவில்லை. உரிமம் முடிந்து மூன்றாண்டு கடந்தால் மறுபடியும் தேர்வு எழுத வேண்டும் என்பது விதி. அறுபது வயதில், முதுகு வலியோடு, இருபது வயதுப் பிள்ளைகளுடன் வரிசையில் நிற்க வேண்டும் என்று அவர் அஞ்சினார்.

அரசின் செயலி கெட்டது என்று இதைக்கொண்டு சொல்லுதல் பொருந்தாது. சாலைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரிற் சென்று கைரேகை வைத்ததும் காரியம் ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. தேதியும் தவறியிருக்கவில்லை. ஆனால் முருகன் படம் ஒட்டிய உறையில் இருந்த காலத்தில் அவ்வுரிமத்தை யார் வைத்துக்கொண்டிருந்தார் என்ற கேள்வியே எழுந்திராது. கண்ணாற் காணமுடியாத பொருள் தன் கையை விட்டுப் போனதையும் காண்பதற்கில்லை. தாள் நிரப்பிக் கொடுத்த நாளில், புதியதைப் படிக்கக் கற்றுக்கொடுக்காமல் விட்டதில் எனக்கும் பங்குண்டு. அதன்பின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும் நாள்களில், கூட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் ஒதுக்கி, மறைச்சொல் என்பது யாது, அதனை ஏன் பிறரிடம் சொல்லலாகாது என்று விளக்கி வருகின்றேன். வருபவர் மிகுதியும் மனைவிமாரே. கணவர்மார் லோரியில் இருப்பர்.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 2025 மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில் கல் ஏற்றிவந்த லோரி ஒன்று கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியோடு மோதி ஒன்பது பேர் உயிரிழந்தனர். அதன்பின் பாரவண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அவ்வாண்டு அக்டோபர் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. மாண்டவர் வீட்டுப் பிள்ளைகளிடம் சென்று, ஓட்டுநரின் உரிமையைப் பற்றி மட்டும் பேச யாருக்கு நா எழும்? ஓட்டுநருள்ளும் இக்கருவியை வரவேற்றவர் உண்டு. 'வண்டியே ஓடமாட்டேன் என்றால் தவுக்கே என்னை ஏச முடியாது' என்றார் ஒருவர். நாற்பதாண்டுகளுக்கு முன் பிரித்தானிய ஓட்டுநர் வட்டத்தாளைக் காட்டிச் சொன்ன அதே மறுமொழி. ஆனால் டிரிப் கணக்கை மாற்றாமல் வேகத்தை மட்டும் பூட்டினால், குறைந்த தூக்கத்தில் அக்கணக்கை ஈடுசெய்வர் என்றும் அவரே சொன்னார். அமெரிக்க ஆய்வாளர் மூவரும் எண்களால் காட்டியதற்கு அண்மையில் உள்ளது இப்பேச்சு.

மேலே சொன்ன முதியவர் சென்ற மாதம் மறுபடியும் பள்ளிக்கு வந்தார். இப்பொழுது மறைச்சொல் அவரிடமே இருக்கின்றது. பேத்தியின் பிறந்தநாளா என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். அதுவே சரி என்றேன். பின்பு தயங்கித் தயங்கிக் கைத்தொலைபேசியை நீட்டி, திரையிலுள்ள உரிமத்தை வண்ணத்தில் அச்செடுத்து லேமினேட் செய்து தரமுடியுமா என்று கேட்டார். சட்டப்படி அந்த அச்சு செல்லுமோ செல்லாதோ, கேட்கும் அதிகாரிக்குத் திரையைத்தான் காட்ட வேண்டும் என்றேன். 'தெரியும் சார், இது காட்டுறதுக்கு இல்லை' என்று பழைய பிளாஸ்டிக் உறையை மேசைமேல் எடுத்து வைத்தார். அளவு சரியாக இருக்கும்படி வெட்டிக் கொடுத்தேன்.